ஊறுகாய் பாட்டிலில் ஒரு தேரி

இந்த ஊரில் உப்புக்கு வேர்க்கிறது. மலாய் நாட்டுக் கோலா சிலாங்கூருக்கு வாழ வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்குப் பழகாத விஷயம் அதுதான். கடையில் கலகலவென்று இருக்கும் உப்பை வாங்கி வந்து ஜாடியில் கொட்டி இறுக மூடி வைப்பேன். மறு வாரம் திறந்தால் மேலாகத் தண்ணீர் கட்டி நிற்கும். நாலு அரிசி போட்டு வைத்தால் சரியாகும் என்றார்கள். அரிசியும் சேர்ந்து ஊறியது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். ஆறுமுகநேரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே உப்பை அம்பாரம் அம்பாரமாகக் குவித்து, கீற்றுப் போட்டு மூடியிருப்பார்கள். அந்த வெயிலில் உப்பு விறைப்பாக நிற்கும். உப்பு சேர்த்தால் எதுவும் காயும், எதுவும் கெடாது என்று நம்பி வளர்ந்த கூட்டம் நாங்கள். அந்த நம்பிக்கையில்தான் போன நவம்பரில் என் மகளுக்கு ஒரு மலை செய்து கொடுத்து மானம் போனது.

ஊரில் நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவள். நாற்பது பிள்ளைகளை ஒரு முறை முறைத்து அடக்கிய கண் இது. கல்யாணமாகி இங்கே வந்தபின் வகுப்பும் இல்லை, கரும்பலகையும் இல்லை. ஷெரின் என்று ஒரே ஒரு மாணவி, வயது ஒன்பது, அதுவும் மிஸ்ஸை அம்மா என்று கூப்பிடும் மாணவி. பள்ளி விடுமுறை விட்டதும் நிலத்தோற்றங்களை எல்லாம் அவளுக்குக் கையால் செய்து காட்டிவிடுவது என்று முடிவு கட்டினேன். மலை, பள்ளத்தாக்கு, பீடபூமி, தீவு, தீபகற்பம். மைதா மாவில் உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்தால் களிமண்போல வரும், காய்ந்தால் கல்லாகிவிடும் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த கைவேலை. எவ்வளவு உப்பு என்றுதான் கேள்வி. வற்றலுக்குப் போடுகிற கணக்கில் தாராளமாக அள்ளிப் போட்டேன். சிகரம், சரிவு, அடிவாரம் எல்லாம் வைத்து, ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியில் மலையை எழுப்பி, காய்வதற்காக ஜன்னலோரம் வைத்தோம். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. காலையில் ஷெரின்தான் முதலில் பார்த்தாள். பேச்சுக்குப் பேச்சு வால் மாதிரி ‘லா’ ஒட்டுவது இந்த ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம்.

“அம்மா, மலை ஸ்வெட் பண்ணுது லா!”

சிகரம் தொங்கிப் போயிருந்தது. சரிவெல்லாம் பளபளவென்று ஈரம். மத்தியானத்துக்குள் அது உட்கார்ந்து, பரந்து, மூடியின் விளிம்புவரை வழிந்துவிட்டது. போட்ட உப்பெல்லாம் இந்த ஊர்க் காற்றிலிருந்த தண்ணீரைக் குடித்திருக்கிறது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மாணவிக்கோ ஒரே சந்தோஷம். “இது மலை இல்லம்மா, லும்போர். ஆத்து வாயில தண்ணி எறங்குனா வருமே, அது,” என்று விரலால் அதில் வாய்க்கால் கிழிக்க ஆரம்பித்தாள். லும்போர் என்றால் சேறு. சிலாங்கூர் ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் வெளியே வருகிற சேற்றுவெளியைச் சொல்கிறாள். நான் செய்த மலையிலிருந்து அவள் தன் ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு ஏனோ சுருக்கென்றது.

நான் மலை செய்யக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, கிறிஸ்துமஸ் குடிலில். எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு குடில் கட்டுவார்கள். மாட்டுக் கொட்டிலும் மாதாவும் சூசையப்பரும் ஓரமாகத்தான் இருப்பார்கள். மிச்ச இடமெல்லாம் நிலம். என் அப்பா தையல்காரர். வருடம் முழுக்கச் சேர்த்த வெட்டுத் துணிகளைச் சோற்றுக் கஞ்சியில் முக்கி, செங்கல் அடுக்கின்மேல் போர்த்திவிடுவார். ஒரு பகல் வெயிலில் அது தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் மலையாகிவிடும். தேங்காய்ச் சிரட்டையில் முளைக்கப் போட்ட கம்புதான் வயல். உடைந்த கண்ணாடித் துண்டு குளம். பெத்லகேமுக்குப் பனைமரம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் பெத்லகேமில் பனை நின்றது. மூன்று ராசாக்கள் வருகிற வழியில் அப்பா ஒரு கூடைச் செம்மண்ணைக் கொட்டி, மேடும் சரிவுமாக ஒதுக்கிவிடுவார். அதுதான் தேரி. ராசாக்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் பாலனைப் பார்க்கப் போக வேண்டும். சின்ன வயதில் நான் அதை உண்மையென்றே நம்பியிருந்தேன்.

தேரி என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச் செவேலென்று மணல் மேடுகள். காற்றுக்கு அவை இடம் மாறும். ஆனி ஆடியில் மேல்காற்று கிளம்பினால் போதும், இந்தப் பக்கம் இருந்த மேடு மெல்ல அந்தப் பக்கம் போய் உட்காரும். எங்கள் வீட்டு வேலி ஒரு வருடம் பாதிவரை மணலில் புதைந்து, ஆடுகள் நோகாமல் தாண்டி வந்து முருங்கையைத் தின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது பதித்த கால்தடம், திரும்பி வரும்போது இருக்காது. மழை பெய்து ஓடிய தடத்தில் மட்டும் கருப்பு கருப்பாய்ப் பொடிமணல் ஒதுங்கிக் கிடக்கும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதில் இழுத்தால் கம்பளிப் பூச்சி மாதிரி மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வரும். யாருக்கு அதிகம் ஒட்டுகிறது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. காந்தம் என்னுடையது என்பதால் நான்தான் எப்போதும் ஜெயிப்பேன்.

அப்பா போனபின் அண்ணன் திருப்பூரோடு இருந்துகொண்டான். வீட்டையும் விற்றாயிற்று. அந்த ஊருக்கு இனி நான் போவதற்கு ஒரு காரணம்கூட மிச்சமில்லை. கடைசியாகப் போனபோது, காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அது நிறையத் தேரி மண்ணை அள்ளி, மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். அடுக்களை அலமாரியில் மேல்தட்டில் அது இருக்கிறது. பாட்டில் வந்த புதிதில் என் கணவர் சேவியர் அதை மிளகாய்த்தூள் என்று நினைத்து மீன் குழம்பில் போட ஸ்பூனோடு வந்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அதன்பின் யாரும் அதைத் தொடுவதில்லை. நானும் திறந்ததில்லை.

அதனால் ஷெரின் தேரியை நம்ப வேண்டும் என்பது எனக்குப் பாடம் சம்பந்தப்பட்ட காரியமாக மட்டும் இருக்கவில்லை. அவளுக்கு அந்த ஊரில் போய் இறங்க ஒரு வாசல் கிடையாது. என் வாயால் சொல்லி அவள் மனதில் ஏறினால்தான் உண்டு. ஏறாவிட்டால் என்னோடு போயிற்று. மலை உருகிய அந்த வாரமே, இந்த முறை நம் வீட்டில் குடில் கட்டுவோம், உனக்குப் பிடித்த லும்போர் ஒரு பக்கம், எனக்குப் பிடித்த தேரி ஒரு பக்கம் என்று ஒப்பந்தம் போட்டேன். அவளுடைய பாதியை முதலில் செய்வதாக ஏற்பாடு.

சேறு எடுக்க ஆற்றோரம் போனோம். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சிரட்டையால் சேற்றை வாளியில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் ரோஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “சாரி சிப்புட் கே?” என்றார். சிப்பி பொறுக்குகிறாயா என்று கேள்வி. எனக்குத் தெரிந்த மலாயைத் திரட்டி, “புக்கான், காக். பூவாட் குனோங்,” என்றேன். இல்லையக்கா, மலை செய்கிறோம். அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். நான் மலையைத் தேடி வழி தவறி வந்துவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. மிகுந்த பரிவோடு கையை நீட்டி, இங்கே மலை கிடையாது, அதோ அங்கே மெலாவாத்தி குன்று இருக்கிறது, குரங்குக்கெல்லாம் கடலை கொடுக்கலாம் என்று வழி சொன்னார். ஷெரின் சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காக் ரோஸ் ஒரு தட்டில் பொரித்த வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மா குன்றைப் பார்த்தாளா என்று அவளிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

ஷெரின் செய்த பாதியைப் பார்க்க வேண்டுமே. பெரிய பிளாஸ்டிக் தட்டில் சேற்றைப் பரப்பி, ஆறு வளைந்து வந்து வாய் அகலும் இடத்தை விரலாலேயே வகுந்துவிட்டாள். கரையில் பாக்காவ், அதாவது நம் ஊர்க் கண்டல் மரத்தின் நீள நீளக் காய்களை வரிசையாகக் குத்தி வைத்தாள். தண்ணீர் ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் என்று தினமும் தண்ணீர் தெளித்தாள். ஆற்றோர மரங்களில் ராத்திரி மினுங்கும் மின்மினிக்காக ஒரு சின்ன விளக்குச் சரத்தை அவள் அப்பா வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. கழிமுகம் என்ற சொல்லை நான் சொல்லிக் கொடுக்கும் முன்பே அவள் கைக்கு அது தெரிந்திருந்தது.

என் முறை வந்தது. பாட்டிலைத் தொட மனம் வரவில்லை. ரவையில் சிவப்புச் சாயம் கலந்து மேடு கட்டினேன். “ஷெரின், இதுதான் தேரி. காத்தடிச்சா நகரும்,” என்றேன். அவள் குனிந்து கன்னத்தை உப்பி ஊதினாள். ரவை அசையவில்லை. காற்றின் ஈரத்தில் கட்டிப்பட்டுப் போயிருந்தது. மறுபடி ஊதினாள்.

“நகரலயே.”

“நெசத்துல நகரும்டா. எங்க வேலியவே மூடிருச்சு.”

“அம்மா, மலை நடக்காது லா. நீங்க சும்மா சொல்றீங்க.”

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் எறும்பு வந்து என் தேரியைச் சுமந்துகொண்டு போக ஆரம்பித்தது. நகரும் என்று சொன்னேனே, நகர்ந்தது.

அன்று சேவியர் வேலை முடிந்து வந்ததும் அவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் புஞ்சாக் ஆலாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். சுபாவத்தில் அதிகம் பேசாதவர். குடில் தட்டின் முன்னால் உட்கார்ந்து, எறும்பு போன வழியைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் பாட்டிலைத் தொறந்தா என்ன?” என்றார்.

“தொறந்துட்டா தீந்துபோயிருமே.”

“ஒங்களுக்குத் தீந்துபோறதுக்காச்சும் ஒரு பாட்டில் இருக்கு. நான் பொறந்தது கலும்பாங் பக்கத்து எஸ்டேட்டு. எங்க லயம் இருந்த எடத்துல இப்ப டாமான் வந்துருச்சு. எம்மவளுக்குக் காட்ட மண்ணு வேணும்னா வீட்டுக்காரன்கிட்டக் கேட்டு சிமெண்டப் பேத்துத்தான் எடுக்கணும்.”

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு; டாமான் என்றால் புதிய குடியிருப்பு. வரிசை வரிசையாகக் கல்வீடுகள். ஒரு முறை அந்தப் பக்கம் காரில் போனபோது அவர் வேகத்தைக் குறைத்து, ஒரு வீட்டின் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டி, “இங்கதான் எங்க அடுப்படி,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அன்றைக்கு நான் அதை வெறும் தகவலாகத்தான் கேட்டுக்கொண்டேன். இங்கேயே பிறந்த மனிதர், இவருக்கென்ன ஏக்கம் இருக்கப் போகிறது என்று நினைப்பு. ஊரை விட்டுவிட்டு வந்தவளுக்கு மட்டுமே ஊர் போகும் என்பது என் எண்ணமாக இருந்திருக்கிறது. அவர் வேறெங்கும் போகவேயில்லை. ஊர்தான் போய்விட்டது.

மறுநாள் காலை பாட்டிலை எடுத்தேன். மூடி லேசில் திறக்கவில்லை. சேவியர்தான் திருகிக் கொடுத்தார். உள்ளே மண் அப்படியே உலர்ந்து கிடந்தது. அடுக்களைப் புழுக்கத்திலும் அந்த மணலுக்குள் ஒரு சூடு இருந்த மாதிரி எனக்குப் பட்டது, மனப்பிரமையாகவே இருக்கட்டும். தட்டின் மறுபாதியில், சேற்றுக்கு எட்டாத தூரத்தில், ஒரு கைப்பிடியைக் குவித்தேன். பிறகு மனசு கேட்காமல் இன்னொரு கைப்பிடி. அப்புறம் பாட்டிலைக் கவிழ்த்தே விட்டேன். ஷெரின் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மெல்ல ஊதினாள். மேட்டின் உச்சியிலிருந்து மணல் கிளம்பி, அந்தப் பக்கச் சரிவில் சரசரவென்று இறங்கியது. அவள் மறுபடி ஊதினாள். உச்சி ஒரு விரலளவு தள்ளிப் போய் நின்றது.

“நடக்குதும்மா!”

“சொன்னேன்ல?” என்றேன். அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வழி மறைந்துபோனால் வீட்டுக்கு எப்படிப் போவீர்கள்? பனைமரத்தைப் பார்த்து. பனையும் புதைந்துவிட்டால்? புதையாது, அது உயரம். தாத்தாவுக்குக் கால் சுடாதா? சுடும், அதனால் ஓடுவார். தையல்காரத் தாத்தா மணலில் ஓடுவதை அவள் ஓடிக் காட்டினாள்; அவரைப் படத்தில் மட்டுமே பார்த்தவள், எப்படியோ அவர் சாயலிலேயே ஓடினாள். பிறகு அவளே யோசித்து, “எங்க லும்போரும் அப்படித்தான். தண்ணி ஏறுனா காணாமப் போயிரும், எறங்குனா வேற எடத்துல இருக்கும். அதுவும் நடக்குது,” என்றாள். என் ஆசிரியர் வேலைக் காலம் முழுவதும் எந்தப் பிள்ளையும் எனக்கு இப்படியொரு பதில் சொன்னதில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. பாலன் தட்டின் நடுவில், சேறும் மணலும் சேரும் இடத்தில் படுத்திருந்தார். கண்டல் காய்களுக்கிடையே மின்மினி விளக்கு எரிந்தது. மூன்று ராசாக்கள் தேரி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஷெரின் தினமும் காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் வந்து, ஆடிக் காற்று என்று சொல்லி ஊதுவாள்; பிறகு தன் பக்கத்துக்குத் தண்ணீர் தெளிப்பாள். அவள் ஊதுவதைப் பார்ப்பதிலேயே நான் மயங்கி இருந்துவிட்டேன். காற்று அடிக்கிற திசையில் என்ன இருக்கிறது என்று கவனிக்கவில்லை. ஜனவரியில் ராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. தேரி முழுவதும் நடந்து போய் ஆற்று வாயில் இறங்கியிருந்தது. சாம்பல் நிறச் சேற்றில் செம்மண் படலம் படலமாக ஊறி, ஒட்டி, ஒன்றாகிக் கிடந்தது. என் பாதியில் ராசாக்களுக்குக் காலடியில் வெறும் பிளாஸ்டிக்.

பாட்டிலில் திரும்ப அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நான் கொட்டியிருந்தேன். ஸ்பூனால் சுரண்டிப் பார்த்தேன். சேறும் சேர்ந்து வந்தது. ஷெரினுக்கு என் முகத்தைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. “நான் ஊதுனதாலதானே?” என்று கேட்டாள். இல்லை, தேரி அப்படித்தான் போகும் என்று சொன்னேன். சொன்னதில் பொய்யில்லை, ஆனாலும் காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க முடியவில்லை. மழை விட்டிருந்த நாட்கள் அவை. தட்டை அப்படியே பின்வாசலில் வெயிலுக்கு வைத்தேன். தூக்கிப்போடவும் கை வரவில்லை, உள்ளே வைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். சேறு காய்ந்து வெடித்து, தொட்டால் உதிர்கிற பதத்துக்கு வந்திருந்தது. பின்வாசலில் ஷெரின் குந்தியிருந்தாள். கட்டிகளை எல்லாம் உடைத்துப் பொடியாக்கி, அதில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் மின்மினிப் பூச்சி காந்தம். சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப்போகிற, கோலா சிலாங்கூர் என்று எழுதிய பொம்மை. அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தாள். ரேடியோக் காந்தக் கதையை நான் எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஊதிக்கொண்டிருந்த நாட்களில் ஏதோ ஒரு காலையில் சொல்லியிருப்பேன்.

“அம்மா, வாங்க! ஒங்க ஊரு வருது!”

தூக்கிக் காட்டினாள். மின்மினியின் வயிற்றில் கருப்புப் பொடி மயிர் மயிராக நின்றது. நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன். அவள் இழுக்க, நான் வாங்கி இழுக்க, யாருக்கு அதிகம் என்று எங்களுக்குள் போட்டி வந்துவிட்டது. இந்த முறை காந்தம் என்னுடையது இல்லை, அதனால் தோற்றேன். ஒரு காகிதத்தில் தட்டிச் சேர்த்ததும் பாட்டிலின் அடி மூடுகிற அளவுக்கு வந்தது. அவளுக்கு ஆசை அடங்கவில்லை. வாளியில் மிச்சமாகி, தேரி மண் தொடாமல் காய்ந்து கிடந்த வெறும் சேற்றிலும் காந்தத்தை இழுத்துப் பார்த்தாள். அதிலும் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வந்தது. இந்த ஆறும் மேலே எங்கோ மலையைக் கரைத்துத்தானே வருகிறது. சேவியர் பிறந்த கலும்பாங் பக்கத்து மண்ணும் அதில் இருந்தாலும் இருக்கலாம்.

நான் தடுப்பதற்குள் அதையும் அதே காகிதத்தில் தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் யோசனை வந்திருக்க வேண்டும். விரலால் கிளறிப் பார்த்தாள். எல்லாம் ஒரே கருப்பு.

“இதுல எதும்மா ஒங்க ஊரு, எது எங்க ஊரு?”

காகிதத்தை மடித்து எல்லாவற்றையும் ஊறுகாய் பாட்டிலில் கொட்டி, மூடியை அவளையே திருகச் சொன்னேன்.